ரஸாவின் கல்விக்கூடங்கள்

கேள்வி இதுதான்: பள்ளிக்கூடச் சுவரில் ஆசிரியர் வைத்த ஒரு புள்ளிதான் எஸ்.எச். ரஸாவை ஓவியராக்கியது என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்களே, அப்படியானால் நாக்பூர், பம்பாய், பாரிஸ் என்று 1939 முதல் 1953 வரை அவர் படித்துக்கொண்டே இருந்தது எதற்காக?

அந்தக் கதை பொய்யில்லை. ரஸாவே பலமுறை சொன்ன கதைதான். ஆனால் அதற்கு இன்றிருக்கும் மதிப்பு வந்தது, பிந்து என்னும் கரிய வட்டம் அவருடைய கேன்வாஸின் நடுவில் வந்து அமர்ந்த பிறகுதான். அப்போது அவர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார், பிரான்சில் முப்பது ஆண்டு வாழ்ந்திருந்தார். தம் ஓவியத்துக்கு ஒரு பிறப்பிடம் தேடிய முதிர்ந்த கலைஞர் திரும்பிப் பார்த்தபோது அந்தச் சுவர் அவர் கண்ணில் பட்டது என்று கொள்வதே பொருத்தம் என்பது என் எண்ணம். புள்ளிக்கும் பிந்துவுக்கும் இடையில் உள்ள ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளை விட்டுவிட்டு இரண்டையும் நேராக இணைத்தால், அந்த மனிதர் பட்ட பாடு முழுவதும் கணக்கில் வராமல் போய்விடும். ஆகவே கதையைத் தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

சையத் ஹைதர் ரஸா 1922 பிப்ரவரி 22 அன்று, அன்றைய மத்திய மாகாணத்தின் மண்டலா மாவட்டத்தில் பாபரியா என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை சையத் முகம்மது ரஸி வனத்துறையில் ரேஞ்சர் பணியில் இருந்தார்; தாய் தாஹிரா பேகம். நர்மதை வளைந்தோடும் அந்தப் பகுதி கோண்டுப் பழங்குடி மக்களின் நிலம். தந்தையின் வேலையால் குடும்பம் காட்டை ஒட்டிய ஊர்களிலேயே வாழ்ந்தது. மின்விளக்கு இல்லாத காட்டு இரவின் அச்சத்தையும், கோண்டுகளின் ஆட்டம் நடக்கும் இரவுகளில் அந்த அச்சம் சற்றே விலகியதையும், விடிந்ததும் எல்லாம் மறுபடி தெளிவாகத் தெரிந்ததில் கிடைத்த நிம்மதியையும், வெயிலில் சந்தை கூடும் நாளின் நிறங்களையும் ரஸா கடைசிவரை நினைவுகூர்ந்தார். பிற்கால ஓவியங்களில் கருப்பு அவருக்கு வெறும் இருட்டாக இல்லாமல் மற்ற நிறங்களைப் பெற்றெடுக்கும் தாய் நிறமாக மாறியதன் வேர் இங்கே இருக்கிறது என்று சொன்னால் அவரே மறுத்திருக்க மாட்டார்.

காக்கையா என்ற ஊரின் தொடக்கப் பள்ளியில்தான் அந்தப் புள்ளி நிகழ்ந்தது. பாடத்தில் மனம் நில்லாமல் அலைந்துகொண்டிருந்த சிறுவனைத் தலைமையாசிரியர் நந்தலால் ஜாரியா நிறுத்திவைத்து, சுவரில் ஒரு புள்ளியிட்டு, மற்ற எல்லாவற்றையும் மறந்து இதையே பார் என்றார். அடிக்காமல் திட்டாமல் ஓர் ஆசிரியர் செய்த காரியம் அது. அன்று அதில் ஓவியப் பாடம் எதுவும் இல்லை. மனத்தை ஓரிடத்தில் நிறுத்தும் பயிற்சி மட்டுமே இருந்தது. ரஸா வளர்ந்த வீடு மார்க்கத்தில் பற்றுள்ள முஸ்லிம் வீடு. படித்த பள்ளியோ இந்தியும் ராமசரிதமானசும் ஒலித்த பள்ளி. இரண்டையும் அவர் ஒன்றோடொன்று மோதவிடாமல் வைத்துக்கொண்டார். பிந்து என்ற வடசொல்லே தமிழ்ச் சைவ சாத்திரங்களில் விந்து என்று வழங்குவது. நாதம், விந்து என்று தத்துவங்களை எண்ணும் மரபை அறிந்தவர்களுக்கு அவருடைய பிற்காலச் சொல்லாடல் அந்நியமாக இராது.

பன்னிரண்டு வயதளவில் வரையத் தொடங்கிய ரஸா, பின்னர் குடும்பத்தோடு தாமோ என்ற ஊருக்குப் போய் அங்கே அரசு உயர்நிலைப் பள்ளியில் படித்தார். 1939ஆம் ஆண்டு நாக்பூர் ஓவியப் பள்ளியில் சேர்ந்து 1943 வரை அங்கே இருந்தார். அவருடைய தம்பி அலி இமாமும் இதே வழியில் ஓவியத்துக்கு வந்தவர்தான். பிரிவினைக்குப் பின் அவர் கராச்சியின் முக்கியமான ஓவியராகவும் காட்சிக்கூடம் நடத்துபவராகவும் ஆனார். ஒரு வன அலுவலர் வீட்டிலிருந்து இரண்டு ஓவியர்கள் வந்து, இரு நாடுகளின் கலை வரலாற்றிலும் ஆளுக்கொரு பக்கமாக இடம்பிடித்தது பலர் கவனிக்காத செய்தி.

நாக்பூரைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. மாகாண ஓவியப் பள்ளிகள் அக்காலத்தில் பெரும்பாலும் பள்ளிகளுக்கு டிராயிங் மாஸ்டர்களை உருவாக்கின. நம்மூரில் டிராயிங் லோயர், ஹையர் தேர்வு எழுதியவர்களுக்கு அந்தச் சூழல் உடனே புரியும்: பொருள்களை அடுக்கி வைத்து வரைவது, அளவு பிசகாமல் பார்ப்பது, பென்சிலைச் சீராகக் கூட்டிக் குறைத்து நிழலிடுவது. ரஸாவின் கை அங்கே பழகியது. கண் இன்னும் பழகவில்லை. படிப்பு முடிந்து சில காலம் பள்ளி ஓவிய ஆசிரியராகவும் இருந்தார். அவருடைய சான்றிதழ் அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடிய கடைசி ஊர் அதுவாகவே இருந்திருக்கும்.

பம்பாய்தான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. 1943இல் மத்திய மாகாண அரசின் உதவித்தொகை கிடைத்து, சர் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் படிப்பதற்காக அவர் பம்பாய்க்குப் போனார். போய்ச் சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. சேர்க்கை முடிந்திருந்தது, இடமில்லாததால் உதவித்தொகையும் நின்றது. இருபத்தொரு வயதுக்காரர் ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார். எக்ஸ்பிரஸ் பிளாக் ஸ்டுடியோ என்ற நிறுவனத்தில் வடிவமைப்பாளராக வேலை கிடைத்தது. சில காலம் அந்தப் பணியிடத்திலேயே படுத்துறங்கினார். ஜே.ஜே. பள்ளியில் அவர் பயின்ற காலம் 1943 முதல் 1947 வரை என்று குறிப்புகளில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் பகல் முழுதும் கூலி வேலையும், மாலையிலும் இரவிலும் படிப்பும் ஓவியமும் என்று நான்கு ஆண்டு உழைப்பு அடங்கியிருக்கிறது.

பிளாக் ஸ்டுடியோ என்றால் என்னவென்று இன்றைய இளைஞர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆஃப்செட் அச்சு முறை பரவுவதற்கு முன், படத்தை அச்சிட வேண்டுமென்றால் துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து பிளாக் எடுக்க வேண்டும். கோட்டுப் படத்துக்கு லைன் பிளாக். புகைப்படத்துக்கு ஹாஃப்டோன் பிளாக். ஹாஃப்டோனில் கருப்பும் வெளுப்பும் சின்னதும் பெரியதுமான புள்ளிகளாகப் பிரிந்துவிடும். புள்ளிகளே உருவம் ஆகும் அந்தத் தொழிலில் ரஸா வேலை செய்தார் என்பதிலிருந்து நான் எந்த முடிவுக்கும் தாவவில்லை, தற்செயல்தான். ஆனால் விளம்பரத்துக்கும் அச்சுக்கும் படம் வரைகிறவனுக்குக் குறித்த நேரத்தில் முடிக்கும் பழக்கமும், தகட்டில் நிற்காத மென்மையைத் தள்ளிவிடும் துணிவும் வந்துவிடும். அவர் பெயருக்குப் பக்கத்தில் எழுதப்படும் மூன்று கல்லூரிகளோடு இந்த ஸ்டுடியோவையும் நான்காவதாகச் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

வேலை முடிந்தபின் அவர் வரைந்தது பம்பாயின் தெருக்களை. மழையில் மங்கித் தெரியும் கட்டடங்கள், ஈரச் சாலையில் விழும் வெளிச்சம், டிராம் தடங்கள், கூட்டமாகிவிட்ட மனிதர்கள் எல்லாம் விரைவான நீர்வண்ணத்திலும் குவாஷிலும் வந்தன. குவாஷ் என்பது வெள்ளை கலந்து கனமாக்கிய, அடியில் உள்ளதை மறைத்துவிடும் நீர்வண்ணம். இந்த ஊடகத் தேர்வுக்கு வறுமையும் ஒரு காரணமாக இருந்திருக்கும்; எண்ணெய் வண்ணத்துக்குப் பணமும் இடமும் உலர நேரமும் வேண்டும், காகிதத்துக்கு ஒரு மேசை போதும். அப்போதைய ஜே.ஜே. பள்ளியில் ஆங்கிலேயர் வகுத்த அகடமிக் முறையே அடித்தளமாக இருந்தது: பிளாஸ்டர் சிலைகளைப் பார்த்து வரைவது, ஆளை நிறுத்திவைத்து வரையும் லைஃப் ஸ்டடி, உடற்கூறு. 1940களின் நடுப்பகுதிவரை முதல்வராக இருந்த சார்லஸ் ஜெரார்ட் ஐரோப்பிய நவீனத்தின் சாயலை உள்ளே விட்டிருந்தார் என்றாலும், நவீன ஓவியம் என்ற ஒன்று உண்மையில் நடந்துகொண்டிருந்தது பள்ளிக்கு வெளியேதான்.

அந்த வெளியிடத்தை உண்டாக்கியவர்கள் மூன்று ஐரோப்பியர். வால்டர் லாங்ஹாமர் வியன்னாவைச் சேர்ந்த ஓவியர்; நாஜிகள் ஆஸ்திரியாவை விழுங்கியபோது நாட்டைவிட்டு வந்து, டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் கலை இயக்குநரானார். ரூடால்ஃப் வான் லெய்டன் ஜெர்மானியர், நிலவியல் படித்தவர், அதே நாளேட்டில் கலை விமர்சனம் எழுதினார். இமானுவேல் ஷ்லேசிங்கர் வியன்னாவிலிருந்து தப்பி வந்து பம்பாயில் மருந்துத் தொழில் நடத்தியவர்; இளம் ஓவியர்களின் படங்களை யாரும் சீந்தாத காலத்தில் விலை கொடுத்து வாங்கினார். ஒருவர் கற்றுக்கொடுத்தார், ஒருவர் எழுதினார், ஒருவர் வாங்கினார். ஓர் ஓவிய இயக்கத்துக்கு வேண்டிய இந்த மூன்று வேலைகளையும் ஹிட்லரின் கொடுமை தற்செயலாக ஒரே நகரத்தில் கொண்டுவந்து சேர்த்திருந்தது.

லாங்ஹாமர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் இளம் ஓவியர்கள் கூடுவார்கள். கொண்டுவந்த படங்களைப் பார்த்து அவர் வெளிப்படையாகக் கருத்துச் சொல்வார். ஐரோப்பிய ஓவியங்களின் அச்சுப் படிகளைக் காட்டிப் பேசுவார். அவருடைய சொந்தப் படங்கள் வெளிச்சமும் கனமும் கொண்ட, வண்ணத்தை அள்ளிப் பூசுகிற வகையைச் சேர்ந்தவை. ரஸாவின் நாற்பதுகளின் நிலக்காட்சிகளில் தெறிக்கும் நிறமும் அவசரத் தூரிகையும் நேராக அந்த வீட்டிலிருந்து வந்தவை என்றே நான் கருதுகிறேன். 1946இல் பம்பாய் ஆர்ட் சொசைட்டி கூடத்தில் முதல் தனிக்காட்சி நடந்தது. சொசைட்டியின் வெள்ளிப் பதக்கமும், 1948இல் தங்கப் பதக்கமும் கிடைத்தன. ஊரிலிருந்து தாமதமாக வந்து இடமிழந்தவருக்கு இது சிறிய காரியமில்லை.

1947இல் எஃப்.என். சூசா, கே.எச். ஆரா, எம்.எஃப். ஹுசைன், எச்.ஏ. காடே, சிற்பி எஸ்.கே. பாக்ரே ஆகியோரோடு ரஸாவும் சேர்ந்து முற்போக்குக் கலைஞர் குழு உருவானது. (சென்னையில் கே.சி.எஸ். பணிக்கர் முற்போக்கு ஓவியர் சங்கத்தை 1944லேயே தொடங்கிவிட்டார். பம்பாய்க்காரர்கள் எழுதும் வரலாற்றில் இது அடிக்கடி விட்டுப்போகும்.) சூசா ஜே.ஜே. பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவர், ஆரா வீட்டு வேலை செய்து வளர்ந்தவர், ஹுசைன் சினிமா பேனர் வரைந்தவர். இப்படிப்பட்டவர்களோடு இரவெல்லாம் வாதாடுவதும் ஒரு படிப்புதான். குழுவின் காட்சி 1949 ஜூலையில் நடந்தது. எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்த் திறந்துவைத்தார். சில வாரங்களில் சூசா லண்டனுக்குக் கப்பலேறிவிட்டார். அடுத்த ஆண்டு ரஸாவும் போக, குழு மெல்லக் கரைந்தது.

ஆனால் அதற்குமுன் இரண்டு நிகழ்ச்சிகள். முதலாவது, வீடு இல்லாமல் போனது. 1947இல் தாயும் 1948இல் தந்தையும் இறந்தார்கள். உடன்பிறந்தவர்கள் பாகிஸ்தானுக்குப் போனார்கள். முதல் மனைவி ஃபாத்திமாவும் போனார். ரஸா போகவில்லை. சிறுவயதில் மண்டலாவில் காந்தியைக் கண்ட நினைவும், அந்த மனிதருக்குத் துரோகம் செய்வதாகிவிடும் என்ற உணர்வும் தம்மைத் தடுத்தன என்று பின்னாளில் அவர் சொன்னதுண்டு. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. பிரான்சுக்குப் போனவரை ‘நாட்டை விட்டுப் போனவர்’ என்று பேசுகிறவர்கள், போகலாம் என்று குடும்பமே வழிகாட்டியபோது போகாமல் நின்றவர் அவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அறுபது ஆண்டு பிரான்சில் இருந்தபோதும் அவர் இந்தியக் கடவுச்சீட்டையே வைத்திருந்தார்.

இரண்டாவது நிகழ்ச்சிதான் இந்தப் பதிலின் மையம். 1948இல் ரஸா காஷ்மீருக்குப் போய் மாதக்கணக்கில் வரைந்தார். முந்தைய ஆண்டு பாகிஸ்தான் பக்கத்திலிருந்து வந்த பழங்குடிப் படையினரின் தாக்குதலில் சிதைந்த பாராமுல்லா நகரமும் அவருடைய காகிதத்தில் இடம்பெற்றது. ஸ்ரீநகரில் அவர் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெசோனைச் சந்தித்தார். அவர் அந்த ஆண்டு ஜனவரியில் காந்தி கொல்லப்படுவதற்குச் சற்று முன் அவரைக் கண்டு பேசியவர். ரஸாவின் படங்களைப் பார்த்த கார்த்தியே-ப்ரெசோன், திறமை இருக்கிறது, ஆனால் கட்டுமானம் இல்லை; கட்டடத்துக்கு அடித்தளமும் சுவரும் தூணும் வேண்டியிருப்பதுபோல் ஓவியத்துக்கும் வேண்டும், பிரெஞ்சு ஓவியர் செஸானைப் படியுங்கள் என்று சொன்னார். பதக்கம் வாங்கிய ஓவியரிடம், அதுவும் ஓவியர் என்று பெயர் வாங்காத ஒரு புகைப்படக்காரர் சொன்ன விமர்சனம் இது. சினந்துகொண்டு எழுந்துபோயிருக்கலாம். ரஸா பம்பாய் திரும்பியதும் அலியான்ஸ் ஃபிரான்சேஸில் பிரெஞ்சு படிக்கச் சேர்ந்தார்.

அந்த அறிவுரையின் பொருளைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். லாங்ஹாமர் வழியில் வந்த நீர்வண்ணத்தில் படம் உயிர்பெறுவது கையின் வேகத்தால். கண் கண்ட கணத்தைக் கை பிடித்துவிட்டால் படம் முடிந்தது. தவறினால் கிழித்துவிட்டு இன்னொன்று போடலாம். செஸானின் வழி இதற்கு நேர் எதிரானது. அவர் ஒரு மலையை ஆண்டுக்கணக்கில் வரைந்தார். ஒவ்வொரு வண்ணத் திட்டும் பக்கத்துத் திட்டுக்கு முட்டுக்கொடுத்து நிற்கும். ஒன்றை எடுத்தால் மற்றது சரியும். ஆழத்தைக் காட்ட நிழலிடுவதற்குப் பதிலாக, குளிர்ந்த நிறத்தையும் சூடான நிறத்தையும் அருகருகே வைத்தே ஒன்றை முன்னால் வரவும் மற்றதைப் பின்னால் போகவும் செய்தார். படத்தின் சதுரத்துக்குள் எல்லாமே ஒரு கட்டுக்கோப்பில் அமைய வேண்டும் என்ற இந்த எண்ணம்தான் ரஸா பம்பாயில் பெறாத ஒன்று. அதைத் தேடியே அவர் போனார். பாரிஸின் பகட்டுக்காகப் போனார் என்பது பாதி அறிந்தவர்கள் பேச்சு.

பிரெஞ்சு அரசின் உதவித்தொகை கிடைத்து 1950 இலையுதிர் காலத்தில் அவர் பாரிஸை அடைந்தார். அங்கே தேசிய நுண்கலை உயர்பள்ளியான எக்கோல் தெ போசாரில் 1953 வரை பயின்றார். அப்பள்ளியின் அட்டெலியே முறையில் ஓர் ஓவிய ஆசிரியரின் கூடத்தில் மாணவர்கள் சேர்ந்திருந்து வேலை செய்வார்கள். ஆசிரியர் இடையிடையே வந்து திருத்துவார். ஏற்கெனவே பதக்கங்கள் வாங்கிய, இருபத்தெட்டு வயதான ஒருவர் மீண்டும் மாணவராகி அங்கே நின்றார். பள்ளியைவிட அவருக்கு அதிகம் கற்பித்தவை அருங்காட்சியகங்கள் என்றே சொல்ல வேண்டும். அதுவரை அச்சுப் படிகளில் மட்டுமே கண்ட செஸானையும் வான் கோவையும் அசல் அளவில், அசல் வண்ணக் கனத்தோடு முதன்முறையாகப் பார்த்தார். லூவ்ரில் உள்ள அவின்யோன் பியெத்தா போன்ற பழைய ஓவியங்களும், பிரான்சின் பழைய தேவாலயங்களும் அவரை ஈர்த்தன. பின்னாளில் 1959இல் அவர் மணந்துகொண்ட ஓவியர் ழானின் மோஞ்சிய்யாவையும் அந்தப் பள்ளியில்தான் சந்தித்தார்.

பாடம் எவ்வளவு விரைவாக உள்ளே இறங்கியது என்பதற்குச் சான்று 1951இன் ‘ஓ தெ காஞ்ஞ்’ என்ற குவாஷ். தெற்கு பிரான்சின் ஒரு மலையூரை வரைந்தது. அதில் மனிதர் இல்லை, மழை இல்லை, தெறிப்பு இல்லை. வீடுகள் முக்கோணமும் செவ்வகமுமாக, நேர்க்கோட்டின் விளிம்பில் அறுத்தெடுத்ததுபோல், ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்திருக்கின்றன. இந்தக் காலத்துப் படங்கள் சிலவற்றில் மேலே ஒரு கரிய சூரியன் தொங்குகிறது. அந்த வட்டத்தைக் காட்டி ‘இதோ பிந்து’ என்று சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. அது அப்போது சூரியன் மட்டுமே, ஓர் ஊரின் மேலிருக்கும் சூரியன். ஆனால் படத்தின் எடையைத் தாங்கும் இடத்தில் ஒரு கரிய வட்டத்தை வைக்க அவர் அதற்குள் கற்றுவிட்டிருந்தார்.

1952இல் காலரி சேன்-பிளாசித்தில் அவரும் சூசாவும் இன்னொரு இந்திய ஓவியரான அக்பர் பதம்ஸியும் சேர்ந்து காட்சி வைத்தார்கள். எண்ணெய் வண்ணத்துக்கு அவர் முழுதாக மாறியதும் இக்காலத்தில்தான். கட்டுக்கோப்பு கைவந்தபின் பம்பாயில் விட்டுவந்த அடர்த்தியும் வேகமும் வண்ணத்தை அள்ளிப் பூசும் பேலட் கத்தி வழியாகத் திரும்பி வந்தன, இம்முறை சரியாமல் நின்றன. 1956இல் பிரி தெ லா கிரிட்டிக் என்னும் விமர்சகர் பரிசு அவருக்குக் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் அல்லாத ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. 1962இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப் போய் அமெரிக்க அருவ ஓவியத்தைக் கண்டதும், எழுபதுகளில் இந்தியாவுக்கு அடிக்கடி வந்ததும் வேறு கதை. கேட்டவரின் கேள்வி அதுவரை போகவில்லை.

இனி ஒரு வேலை சொல்கிறேன். ரஸாவின் 1948 காஷ்மீர் நீர்வண்ணம் ஒன்றையும் ‘ஓ தெ காஞ்ஞ்’ படத்தையும் திரையில் அருகருகே வைத்து, இரண்டிலும் ஒரு வீட்டின் கூரையை விரலால் மறைத்துப் பாருங்கள். முதல் படத்தில் பெரிதாக எதுவும் குறையாது. இரண்டாவதில் ஊரே சாய்ந்துவிடும்.